பஜ்ஜிக் கடைக்குப் போன புற்கள்

2006ஆம் வருடம், ஐப்பசி அடைமழைக் காலம். ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தொன்பது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "புது மாவட்டத்துக்குக் கலெக்டர் வந்தாச்சு, எஸ்.பி. வந்தாச்சு, புல்லுக்குத்தான் இன்னும் பட்டியல் வரலை" என்பார் என் வழிகாட்டிப் பேராசிரியர். இந்தப் பகுதியில் வளரும் செடி கொடிகளையெல்லாம் தொகுத்து அவர் ஒரு நூல் தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் புல், மூங்கில் இரண்டும் என் பொறுப்பு.

புல் ஆராய்ச்சி என்றால் சிரிக்காத ஆளே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டபோது, "புல்லு புடுங்கிட்டு இருக்கு" என்று என் அண்ணன் சொல்லிவிட்டான். அந்த இடம் அமையவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நெல்லும் கரும்பும் கேழ்வரகும் புல் வகைதான், மூங்கிலும் புல் வகைதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு, கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் அலைந்துகொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி அறை. அதில் நானும் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் ஒன்றரை வருடமாகச் சேர்ந்து இருந்தோம். காருக்குச் சின்னச் சின்ன சுவிட்சுகள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வரிசையாக வரும் சுவிட்சுகளை ஒரு பெரிய லென்ஸுக்குக் கீழே வைத்து, கீறல், விரிசல், கோணல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவாள். எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் கம்பெனியில் எல்லோரும் அவளை 'லென்ஸு' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னைவிட ஐந்து வயது இளையவள். நான் கொண்டுவரும் புல்லையும் சேற்றையும் முகம் சுளிக்காமல் சகித்துக்கொண்ட ஒரே அறைத்தோழி. முளைக்கிற மூங்கிலைச் சுற்றி அட்டை போல ஒரு மடல் இருக்கும். மூங்கிலை அடையாளம் காண அது மிக முக்கியம். அப்படி நான் பாடுபட்டுக் கொண்டுவந்த ஒரு மடலை எடுத்து அவள் ஒருநாள் குப்பை அள்ளிவிட்டாள். "நல்லா வசதியா இருந்துச்சுக்கா" என்றாள். அன்றைக்கு இரண்டு பேருமே சிரித்தோம்.

தீபாவளி முடிந்த வாரம் கல்லூரிக்கு விடுமுறை. அந்த ஒரு வாரத்தில் சூளகிரி, வேப்பனப்பள்ளி, சிங்காரப்பேட்டை என்று மூன்று பக்கமும் அலைந்து நாற்பத்திரண்டு புற்களைச் சேகரித்தேன். புல்லை வேரோடு தோண்டி, மண்ணை உதறி, உயரமாக இருந்தால் இரண்டு இடத்தில் மடக்கி, இரண்டாக மடித்த பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து வைக்க வேண்டும். அப்படி வைத்த தாள்களை அடுக்கி, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். புல் ஈரத்தை விடும் என்பதால் தினமும் தாளை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, ஒவ்வொரு புல்லிலும் தொடர் எண் எழுதிய சின்னச் சீட்டை நூலால் கட்டுவது. அந்த எண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எதிரே எந்த ஊரில், எந்த இடத்தில் எடுத்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் படிப்புக்கு இதுதான் அரிச்சுவடி. "சீட்டு இல்லாத செடி, விலாசம் இல்லாத கடிதாசி" என்று முதல் வருட மாணவிகளுக்கு நானே வருடா வருடம் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிக் கத்திய நான், அந்த வாரம் சீட்டுக் கட்டவில்லை. மழையில் நூல் நனைந்து சிக்காகிவிட்டது, விரல் விறைத்துவிட்டது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. ஒவ்வொரு புல்லும் இருந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எண்ணை எழுதி, 'ரூமுக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். நோட்டிலும் எண்ணையும் இடத்தையும் மட்டும்தான் குறித்திருந்தேன். புல் எப்படி இருந்தது, என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது?

அந்த வாரக் கடைசியில் சேலத்தில் அத்தை மகள் கல்யாணம். மூன்று நாள் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "மழையா இருக்கு, பேப்பரெல்லாம் ஈரமாயிடும். காஞ்ச பேப்பரா மாத்தி வச்சிடும்மா, புண்ணியமாப் போகும்" என்று லென்ஸிடம் சொன்னேன்.

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கக்கா, நான் மாத்திப்புடுறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து மரச்சட்டத்தைப் பிரித்தேன். அசந்துபோனேன். ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. ஒவ்வொரு புல்லும் இலை மடங்காமல், கதிர் ஒன்றின் மேல் ஒன்று விழாமல், விரல் வைத்து நீவி விட்டது போல் கிடந்தது. தாளெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு தாளையும் சூடாக்கி வைத்திருக்கிறாள்! இரண்டாவது தாளை எடுத்தேன், மூன்றாவதை எடுத்தேன். அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். எண் இல்லை. எந்தத் தாளிலும் எண் இல்லை.

"பழைய பேப்பரெல்லாம் எங்க?"

"ஈரப் பேப்பரை வச்சுக்கிட்டு என்னக்கா செய்ய? தெருமுனை பஜ்ஜிக் கடை அக்காட்ட குடுத்துட்டு, அவுக வச்சிருந்த காஞ்ச பேப்பரை வாங்கிக்கிட்டேன். அடுப்புப் பக்கத்துல போட்டா அவுகளுக்குக் காஞ்சுரும்ல" என்றாள். மழை நாளில் நாற்பது காய்ந்த தாளுக்கு வழி கண்டுபிடித்த பெருமை அவள் முகத்தில் இருந்தது.

அதன் பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாவிட்டால் இந்த அனுபவத்துக்கே அர்த்தம் இல்லை. "அறிவு வேணாமா? ஓரத்துல நம்பர் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? உங்க கம்பெனியில ஸ்க்ரூ பொறுக்கற வேலைன்னு நெனச்சியா இது? படிச்சவங்க பொருள்ல கை வைக்கறப்ப யோசிக்க வேணாமா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் கொடியில் கிடந்த யூனிஃபார்மை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எண்ணைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குரல் இன்னும் உயர்ந்தது.

மறுநாள் காலை, கல்லூரிக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, சரி, இருப்பதையாவது பார்ப்போம் என்று ஒவ்வொரு புல்லாக எடுத்து என் கைலென்ஸில் பார்த்தேன். பெரும்பாலும் எங்கும் கிடைக்கிற புற்கள்தான், போனால் போகட்டும். இருபதாவதோ என்னவோ, ஒன்றைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. முழங்கால் உயரப் புல். கருஞ்சிவப்புக் கதிர். ஒவ்வொரு மணியிலும் முழங்கை போல மடங்கிய ஒரு நீண்ட முள். கர்நாடகப் பக்கத்துக் குன்றுகளில் இருப்பதாகப் படித்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இருப்பதாக யாரும் பதிவு செய்ததில்லை. ஆராய்ச்சிக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்று கைக்குக் கிடைக்காதா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியருக்குப் போன் செய்தேன். அடையாளங்களைச் சொல்லச் சொல்ல அவர் குரலில் உற்சாகம் ஏறியது. "பத்து நாள்ல நூல் அச்சுக்குப் போகுதும்மா. இது வந்தா உங்க பேர் நிக்கும். எங்க எடுத்தீங்க?" என்றார்.

மழையில் அவசர அவசரமாகத் தோண்டியதில் எந்தப் புல்லை எங்கே எடுத்தேன் என்பதே நினைவில் இல்லை. விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னேன். "இடம் தெரியாத புல்லு மாட்டுக்குத்தாம்மா ஆகும். எப்படியாவது கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மத்தியானம் முதல் ஷிப்ட் முடிந்து லென்ஸ் வந்தாள். நான் தரையில் புற்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பழைய பேப்பரு கெடச்சா சோலி முடியுமா?"

"நம்பர் பேப்பர்ல இருக்கும். எந்தப் பேப்பர்ல எந்தப் புல்லு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

"புல்லு அச்சு விட்ருக்கும்லக்கா. மாத்துறப்பப் பாத்தேன். ஈரத்துல பச்சைக் கறையா, எலை எப்படிக் கெடந்துச்சோ அப்படியே பேப்பர்ல விழுந்துருக்கு. அச்சையும் புல்லையும் வச்சுப் பாத்தா ஜோடி சேராதா? எனக்கு வேலையே அதானேக்கா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ வருடமாகப் புல்லைத் தாளில் வைத்து எடுக்கிறேன். தாளை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பஜ்ஜிக் கடைக்கு ஓடினோம். கடைக்கார அக்கா வீட்டில் தெலுங்கு, அடுப்படியில் வேலை செய்பவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். "இன்னாம்மா, குடுத்த பேப்பரைத் திருப்பிக் கேக்கறீங்க? அதுல இன்னா, வீட்டுப் பத்திரமா இருக்குது?" என்று சிரித்தார். புல்லின் அச்சு இருக்கிறது என்று லென்ஸ் விளக்கியதும், "புல்லுக்கா இந்த ஓட்டம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பேப்பர் கட்டை எடுத்தார். எல்லாத் தாளையும் பஜ்ஜி கட்டுவதற்கு வசதியாக நாலு நாலாகக் கிழித்து வைத்திருந்தார். "கொஞ்சம் பஜ்ஜியோட போயிடுச்சி. மிச்சம் இருக்கறத எடுத்துக்கங்க" என்றார். அப்போதுதான் ஒருவர் மிளகாய் பஜ்ஜியை வாயருகே கொண்டுபோனார். அவர் கையில் இருந்த காகிதத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் 121. லென்ஸ் நேராகப் போய், "அண்ணே, பஜ்ஜியை இந்தத் தட்டுல வச்சுக்கங்கண்ணே, அந்தப் பேப்பரை மட்டும் குடுங்க" என்றாள். அவர் பயந்துபோய் பஜ்ஜியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து மறுநாள் ராத்திரி வரை எங்கள் அறை முழுக்கக் கிழிந்த தாள்கள். முதலில் நாலு துண்டுகளையும் ஒட்டி முழுத் தாளாக்க வேண்டும். போன ஊர்களில் டீக்கடைகளில் கேட்டு வாங்கிய தாள்கள் அவை. சிங்காரப்பேட்டையில் வாங்கியது எல்லாம் தமிழ். சூளகிரியில் தமிழும் கன்னடமும். வேப்பனப்பள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும். தெலுங்கு, கன்னட எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. கடை ஓய்வாக இருக்கும் நேரத்தில் பஜ்ஜிக் கடை அக்காவே மாடியேறி வந்து, "இது மழைச் சேதி, இது கல்யாண விளம்பரம், ரெண்டும் சேராது" என்று பிரித்துக் கொடுத்தார். வரும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலம் சூடாக இருக்கும். காகிதத்தில் இல்லாமல் வாழையிலையில் கட்டியிருப்பார்.

ஜோடி சேர்க்கும் வேலை லென்ஸுடையது. புல்லை எடுத்து அச்சின் மேல் வைப்பாள். வேர் இருந்த இடம், தண்டு மடங்கிய இடம், கதிரின் நுனி, மூன்றும் பொருந்த வேண்டும். "மூணு பாயிண்டும் ஒக்காரணும்க்கா. ரெண்டு ஒக்காந்து ஒண்ணு விலகினாலும் ரிஜெக்ட்" என்பாள். நான் அவசரப்பட்டு, "இதுதான், இதேதான்" என்று ஒன்றை நீட்டினால், தாளின் மறுபாதியில் அச்சு கண்ணாடியில் தெரிவது போல் திரும்பி விழுந்திருப்பதைக் காட்டி, என் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் புரட்டி வைப்பாள். முந்தாநாள் வாங்கிய திட்டுக்கு முகத்தில் ஒரு கடுப்புகூட இல்லை. அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது.

நாற்பத்திரண்டில் முப்பத்தொன்றுக்கு எண் கிடைத்துவிட்டது. என் புதுப் புல்லின் அச்சும் கிடைத்தது. முள் முள்ளாக, மடங்கின முழங்கை எல்லாம் தெளிவாக, கன்னடத் தாளில் மூன்று துண்டுகள். நாலாவது துண்டு, எண் இருந்த மூலை, யாரோ ஒருவரின் வாழைக்காய் பஜ்ஜியோடு போய்விட்டது.

கன்னடத் தாள் என்பதால் சிங்காரப்பேட்டை இல்லை என்று தெரிந்தது. ஜோடி சேராத எண்களில் மூன்று சூளகிரி, ஐந்து வேப்பனப்பள்ளி. இரண்டு நாள் கல்லூரி விட்டதும் சூளகிரிக்கு பஸ் ஏறிப் போய் அந்த மூன்று இடத்திலும் தேடினேன். ஒரு இடத்தில் புதிதாக வரும் கம்பெனிக்காக நிலத்தையே சமன்படுத்திவிட்டார்கள். புல் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக அங்கே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். சூளகிரி என்றே எழுதிவிடலாம். பாறை நிலம், இந்தப் புல்லுக்குத் தோதான இடம். நிலத்தைத்தான் தோண்டிவிட்டார்களே, யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? காகிதத்தில் 'சூளகிரி' என்று எழுதிக்கொண்டிருந்தபோது லென்ஸ் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"தெரிஞ்சுருச்சாக்கா?"

"கிட்டத்தட்ட தெரிஞ்ச மாதிரிதான்."

அவள் தன் கம்பெனி யூனிஃபார்மின் பாக்கெட்டைத் துழாவினாள். அதில் தங்கிப்போயிருந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, என் காகிதத்தில் ஒட்டினாள். "எங்க லைன்ல நல்லதுன்னும் தெரியாம கெட்டதுன்னும் தெரியாம ஒரு பீஸு வந்தா மஞ்சள் ஒட்டி ஒதுக்கி வச்சுருவோம்க்கா. தெரியாம ஓகே போட்டா, கெட்ட பீஸை அனுப்புறதை விட மோசம். அடுத்து பாக்குறவுக நம்மளை நம்பித்தானே பாக்காம விடுவாக?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ வருடம் கழித்து யாரோ ஒரு மாணவி அந்த நூலைப் பிரித்து, சூளகிரியில் இறங்கி, இல்லாத புல்லைத் தேடி வெயிலில் அலைவாள். அந்தப் பெண்ணை எனக்கு அந்த நிமிடம் நேரில் பார்த்தது போல் இருந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான். வேப்பனப்பள்ளி போவமா?" என்றாள். வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவளுக்குத் துணி துவைக்க, தூங்க, ஊருக்குப் போன் பேச. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து வேப்பனப்பள்ளிக்கு டவுன் பஸ். ஜன்னலோரத்தில் அவளை உட்கார வைத்தேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்கு நான் பேசினது தப்பு. நம்பர் விஷயத்தை உங்கிட்ட சொல்லாமப் போனது நான். சீட்டுக் கட்டாதது நான். மன்னிச்சிடும்மா" என்றேன். கல்லூரியில் ஒருவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "திட்டுனது பரவால்லக்கா. ஸ்க்ரூ பொறுக்கறதுன்னீகள்ல, அதான் வலிச்சுச்சு. நான் ஸ்க்ரூ பொறுக்கலைக்கா. ஆயிரம் நல்லதுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்க ஒரு கெட்டதைப் பிடிக்கிறேன். ஒரு சுவிட்சு சொதப்புனா ராத்திரி ரோட்டுல ஒருத்தருக்கு லைட்டு எரியாது." பிறகு, "சரி, விடுங்க. வெள்ளரிப்பிஞ்சு வாங்குவமா?" என்றாள்.

நோட்டில் குறித்திருந்த ஐந்து எண்ணும் ஒரே இடத்தில்தான். மாந்தோப்பு ஒன்றைத் தாண்டிய பாறைக் குன்று. தோப்புக் காவல்காரர் எங்களை நிறுத்தி, தெலுங்கில் படபடவென்று ஏதோ கேட்டார். நான் திருதிருவென்று விழிக்க, லென்ஸ் தெலுங்கிலேயே பதில் சொன்னாள்! அவரும் இளகிப்போய் வழி காட்டிவிட்டார். "உனக்குத் தெலுங்கு தெரியுமா?" என்றேன். "எங்க வீட்ல தெலுங்குதானேக்கா பேசுவோம். நீங்க கேக்கலையே" என்றாள். ஒன்றரை வருடம் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள்.

குன்றெங்கும் ஆடு மேய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் குனிந்து குனிந்து தேடினோம். புல்லெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. எனக்கு இடுப்பு விட்டுப்போய், நம்பிக்கையும் விட்டுப்போய், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியரிடம் இல்லை என்று சொல்லிவிடலாம், பட்டியலில் ஒரு புல் குறைந்தால் உலகம் முழுகிவிடாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அழுகையாகவும் வந்தது.

"அக்கா, இங்க வாங்க. தொடாம வாங்க."

ஆட்டுக்கு வாய் எட்டாத ஒரு பாறை இடுக்கு. அதில் ஏழெட்டுக் கொத்துப் புல், கருஞ்சிவப்புக் கதிரோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணியிலும் முழங்கை மடங்கிய முள். "ரூம்ல இருக்க மாஸ்டர் பீஸு மாதிரியே இருக்குல்ல?" என்று கிசுகிசுத்தாள், சத்தம் போட்டால் ஓடிவிடும் என்பது போல. பக்கத்திலேயே கை அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம். ஒரு கொத்தை வேரோடு தோண்டி எடுத்த பள்ளம், மழையில் ஓரம் கரைந்திருந்தது. நான் புல் தோண்டும் கைக்கொத்தின் வாய் பதிந்த தடம் அதில் இன்னும் இருந்தது. இங்கேதான் எடுத்திருக்கிறேன். அவளைக் கட்டிப்பிடித்து அந்தப் பாறை மேலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். தோப்புக் காவல்காரர் தூரத்தில் நின்று எங்களைப் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

ஒரே ஒரு கொத்தை மட்டும் எடுத்தோம். மற்றதை அப்படியே விட்டோம். சீட்டை எழுதி நீட்டினேன். வேருக்கு மேலே நூலைச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் கையை எடுத்தாள்.

புல் காய்ந்ததும் அதைக் கெட்டி அட்டையில் ஒட்டி, மூலையில் விவரச் சீட்டு ஒட்ட வேண்டும். செடியின் பெயர், இடம், தேதி, கடைசியில் 'சேகரித்தவர்' என்று ஒரு வரி. அந்த அட்டைகள் நூறு இருநூறு வருடம் பத்திரமாக இருக்கும். யார் எடுத்தார்களோ அவர் பெயரைத்தான் எழுத வேண்டும், அதில் வழிகாட்டிக்குக்கூட இடம் இல்லை. என் பெயரை எழுதிவிட்டு, காற்புள்ளி வைத்து, அவள் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது.

'லென்ஸ்' என்றா எழுதுவது? ஊரிலிருந்து கீழ்வீட்டுக்குப் போன் வந்தால் அவள் அம்மா கூப்பிடும் சுருக்கப் பெயர் காதில் விழுந்திருக்கிறது. முழுப் பெயர் என்ன, இனிஷியல் என்ன, எனக்குத் தெரியாது. முந்நூறு புல்லுக்கு முன்பெயரும் பின்பெயரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அச்சில் ஒரு எழுத்துப் பிசகினால் சண்டைக்குப் போவேன்.

"லென்ஸு, உன் முழுப் பேர் என்ன?" என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். எதற்கு என்று சொன்னதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "அப்பா பேரோட முத எழுத்து, அம்மா பேரோட முத எழுத்து, ரெண்டும் போடுவீகளாக்கா?" என்று கேட்டாள். போட்டேன். அந்தச் சீட்டைத் தன் முகத்துக்கு அருகே கொண்டுபோய், கம்பெனியில் பார்ப்பது போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஓகேக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பேராசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த இரண்டாவது பேர், எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் ஸ்டிக்கர் கதையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். நூலில் அந்தப் புல்லுக்கு எதிரே வேப்பனப்பள்ளி என்ற ஊரும் எங்கள் இருவர் பெயரும் அச்சாகின. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள். இப்போதும் போனில் பேசுகிறோம்.

இந்த அனுபவப் பகுதியில் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பதால் அவள் பெயரையும் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இருக்கிறது. புதிதாக ஒருவரோடு வேலை செய்ய நேர்ந்தால் அவருடைய முழுப் பெயரையும், வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுகிறேன். பெயர் தெரியாத புல்லைக் கண்டால் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்த நான், பக்கத்திலேயே இருந்த ஒருத்தியைப் பெயர் கேட்க ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.